ஏணி ஆல்பமும் எங்கள் வீட்டு ஆரத்தியும்

போன வெள்ளிக்கிழமை காலை எங்கள் ஊரில், கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவருக்கு ஆரத்தி சுற்றி, நெற்றியில் பொட்டு வைத்து, கழுத்தில் ரோஜா மாலை போட்டு, கையைப் பிடித்துப் பந்தலுக்குள் அழைத்து வந்தோம்.

பில் குறையும் என்ற நப்பாசையில் அல்ல. எங்கள் ஊர்க்காரர்களுக்குத் திடீரென்று அரசு ஊழியர்கள் மேல் பாசம் பொங்கிவிடவும் இல்லை. எல்லாவற்றுக்கும் காரணம் ஓர் இங்கிலீஷ் ஆல்பம்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் ராக் பைத்தியம் தெரியும். ஆனால் இந்த ஆல்பத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். முன்பு ஒருமுறை வேறொரு ஆல்பத்தைப் பற்றி உருகி உருகி எழுதினேன். ராஜபாளையத்திலிருந்து ஒரு வாசகர் அதைத் தேடிப் பிடித்து வாங்கிக் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு எனக்கே பார்சலில் அனுப்பிவிட்டார். கூடவே ஓர் அட்டை தலைவலி மாத்திரை.

அடையாளத்துக்கு இது போதும். நான் பிறப்பதற்கு முன்னால் வந்த ஆல்பம். அட்டையில் நீள முடி வைத்த நாலு பேர் ஓர் ஏணியில் ஒருவருக்கு மேல் ஒருவராக நிற்கிறார்கள். ஏன் ஏறினார்கள்? தெரியாது. எப்போது இறங்குவார்கள்? அதுவும் தெரியாது. என் மனைவி முத்துலட்சுமி அதை முதன்முதலில் பார்த்தபோது ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"வெள்ளையடிக்க வந்தவுகளா?"

அந்த ஆல்பத்தின் விசேஷமே, ஒரு பாட்டு மாதிரி அடுத்த பாட்டு இருக்காது என்பதுதான். முதல் பாட்டு ஒற்றை கிடாரில் தாலாட்டு மாதிரி போகும். அடுத்தது டிரம்பெட்டும் பெரிய டிரம்மும் சேர்ந்து முழங்குகிற பேண்ட் வாத்தியம். அதற்கடுத்தது சர்ச் ஆர்கனில் அழுகிற பாட்டு. அப்புறம் திடீரென்று சிதார், தபலா. அதற்கும் அப்புறம் ஒரு பாட்டு... அதைப் பாட்டு என்று நான் மட்டும்தான் சொல்கிறேன். இடி, வெடி, கண்ணாடி உடைகிற சத்தம், யாரோ சிரிக்கிற சத்தம். நாலு பேரும் நாலு வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் போல. ஆளுக்கு ஒரு ஆசை. யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனாலும் சண்டை போட்டுப் பிரியாமல் ஒரே சீடிக்குள் இருக்கிறார்கள். எனக்கு அதில்தான் மயக்கம்.

என் வாழ்நாள் ஆசை என்ன தெரியுமா? அதை யாராவது ஒருத்தர் என்னோடு உட்கார்ந்து, முதலிலிருந்து கடைசி வரை கேட்க வேண்டும். வீட்டில் நடக்கவில்லை. சூலக்கரையில் என் ஆபீஸ் நண்பர்களிடம் இரவல் கொடுத்துப் பார்த்தேன். ஒருவர் அந்த சீடியைப் பைக் பின்னால் ரிஃப்ளெக்டராகக் கட்டலாமா என்று கேட்டார். வாங்கி வந்துவிட்டேன்.

ஆல்பம் இருக்கட்டும். மச்சான் கதைக்கு வருகிறேன்.

முத்துலட்சுமிக்கு ஒரே அண்ணன், காளிராஜ். அச்சங்குளத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன். நல்ல மனுஷன். ஆனால் மரியாதை விஷயத்தில் மட்டும் திரி ரொம்பக் குட்டை. பற்ற வைத்தால் நாம் நகர்வதற்குள் வெடித்துவிடும்.

எங்கள் புது வீட்டுப் பால்காய்ப்புக்குச் சீர்த்தட்டோடு வந்தார். தெருமுக்கில் நின்றார். வீட்டார் ஆரத்தியோடு போய் எதிர்கொண்டு அழைக்க வேண்டும். அதுதான் முறை. அன்றைக்குப் பார்த்து, வீட்டுக்குள் நுழைய வேண்டிய பசுமாடு நுழைய மாட்டேன் என்று நடுவாசலில் படுத்துக்கொண்டது. மொத்தச் சொந்தமும் மாட்டைத் தள்ளிக்கொண்டிருந்தோம். ஆரத்தித் தட்டு வைத்திருந்த பெண்கள் உட்பட. வெயிலில் நின்று நின்று பார்த்த மச்சான், சீர்த்தட்டுகளைத் தெருமுக்குப் பாலத்துச் சுவரில் இறக்கி வைத்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

"மாட்டுக்குக் குடுக்குற மரியாதை எனக்கில்ல" என்று சொல்லியனுப்பினார். அதன்பிறகு பொங்கல் சீர் இல்லை. போன் இல்லை. முத்துலட்சுமி ஒவ்வொரு பொங்கலுக்கும் வாசலில் கோலம் போட்டுவிட்டுத் தெருமுக்கையே பார்த்துக்கொண்டு நிற்பாள். நான் உள்ளே போய் ஆல்பத்தைப் போடுவேன். அது இன்னும் அழ வைக்கும்.

இந்த வருஷம் மகள் அபிக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். முத்துலட்சுமி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அச்சங்குளம் போனாள். நான் போனால் காரியம் கெடும் என்று என்னைக் கூட்டிப் போகவில்லை. பிள்ளை முகத்தைப் பார்த்ததும் மச்சான் சம்மதித்துவிட்டார். ஆனால் ஒரு கண்டிஷன்.

"தெருமுக்குல ஆரத்தி இருக்கணும். இல்லேன்னா இந்தத் தடவை திரும்பினா திரும்பினதுதேன்."

ஊருக்கு வந்ததும் முத்துலட்சுமி என்னிடம் சொன்னாள். "இங்கேருங்க. எங்கண்ணன் இன்னொரு வாட்டி அந்தப் பாலத்தோட திரும்பிப் போச்சு... எனக்குப் பொறந்த வீடுன்னு ஒண்ணு இல்ல. அம்புட்டுத்தேன்."

சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

சமாதானத்துக்கு அடையாளமாக மச்சான் முந்தின நாளே லோடு ஆட்டோவில் ஓர் அட்டைப்பெட்டி நிறைய வெடி அனுப்பிவிட்டார். பெட்டி இறங்கியதிலிருந்து முத்துலட்சுமிக்கு அவரிடமிருந்து போன் மேல் போன். "சமையல் அடுப்புப் பக்கம் வைக்காதீக." "சாம்பிராணி போடுற எடத்துல வைக்காதீக." "மாப்ளைய அது பக்கமே விடாதீக." இது கொஞ்சம் அதிகம்தான். பெட்டியைக் கொல்லையில் மாட்டுக் கொட்டகையில் பத்திரமாக வைத்தோம். மாடு இப்போது இல்லை. பால்காய்ப்பு சம்பவத்துக்குப் பிறகு அதை விற்றாயிற்று.

அடுத்து மைக் செட். வெளியூர் வாசகர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

எங்கள் பக்கம் விசேஷத்துக்குப் பத்திரிகை அடிப்பது சும்மா ஒரு ஃபார்மாலிட்டி. பக்கத்தில் சிவகாசி இருப்பதால் கலர் கலராக அடித்துவிடுவோம், யாரும் படிப்பதில்லை. நேரம் சொல்வது குழாய் ஸ்பீக்கர்தான். சாமி பாட்டு ஓடினால் அடுப்பு மூட்டியாயிற்று. குத்துப் பாட்டு வந்தால் இலை போட்டாயிற்று. குழாயில் டிரம் இல்லாமல் இழுத்து இழுத்து ஒரு பாட்டு வந்தால், யாரோ போய்விட்டார்கள் என்று அர்த்தம். பேண்ட் வாத்தியம் கேட்டால், மாமன் சீர் தெருமுக்குக்கு வந்துவிட்டது. யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். பாட்டைக் கேட்டுக் கால் தானாக நடக்கும்.

முகூர்த்த நாள் என்பதால் மேளக்காரர்கள் கிடைக்கவில்லை. ஆகவே மைக் செட் செல்வத்திடம் ஏற்பாடு. மச்சான் தெருமுக்குக்கு வந்ததும் செல்வத்துக்கு ஒரு மிஸ்டு கால். செல்வம் பேண்ட் வாத்திய சீடியைப் போடுவார். பாட்டைக் கேட்டதும் ஆரத்தித் தட்டு கிளம்பும். இதில் தப்பு நடக்க வழியே இல்லை... நான் அந்தப் பக்கம் போகாமல் இருந்திருந்தால்.

போனேன். கையில் ஏணி ஆல்பம்.

காலைச் சாப்பாடு முடிந்து ஓர் இடைவெளி. சாமி பாட்டும் முடிந்துவிட்டது. செல்வம் ஒரு குழாயைப் பஸ் ஸ்டாப் பார்த்தும் இன்னொன்றைக் கண்மாய் பார்த்தும் கட்டிவிட்டு, வேப்பமரத்தடியில் ஆம்ப்ளிஃபயர் முன்னால் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

"செல்வம், மச்சான் வர இன்னும் நேரம் இருக்கு. இதை ஒரு ரெண்டு பாட்டு ஓட்டுவோமா?"

அட்டையை வாங்கிப் பார்த்தார். "யாரு அண்ணாச்சி இவுக? சீரியல் லைட்டு கட்டுறவுகளா?"

"பாட்டுக்காரங்கய்யா."

"சரி, போட்டுக்கிடுங்க. இந்நேரத்துக்கு யாரும் காது குடுத்துக் கேக்க மாட்டாக."

என் ஆல்பம், இரண்டு குழாயில், ஊர் முழுக்க! கண்ணை மூடிக்கொண்டேன். முதல் பாட்டு, ஒற்றை கிடார், கண்மாய் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. பந்தலில் ஒரு பெரியவர், "இங்கிலீஷ்லயும் சாமி பாட்டு இருக்கோ?" என்று கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இரண்டாவது பாட்டு என்னவென்று மேலேயே சொல்லியிருக்கிறேன். உங்களுக்கு ஞாபகம் இருக்கிறது. எனக்கு அந்த நேரம் இல்லை.

டிரம்பெட் முழங்கியது. பெரிய டிரம் அதிர்ந்தது. நான் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறந்தபோது பந்தல் காலி. முத்துலட்சுமி ஆரத்தித் தட்டோடு முன்னால், பின்னால் மாலையோடு ஒரு கூட்டம், குலவை போட்டுக்கொண்டு தெருமுக்கைப் பார்த்து ஓட்டமும் நடையுமாய்ப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"முத்து! ஏ முத்து! இது ஆல்பம்!"

குலவைச் சத்தத்தில் யார் காதில் விழும்?

அந்த நேரம் பார்த்துத் தெருமுக்கில் ஒரு மொபெட் வந்து நின்றது. தலையில் துண்டு, சட்டைப் பையில் பேனா. வெயில் கண்ணைக் கூச, முன்னால் நின்ற பெண்கள் முகத்தைப் பார்க்கவில்லை. தட்டு சுற்றியது. பொட்டு விழுந்தது. ஒரு கை மாலையைப் போட்டது. முத்துலட்சுமி, "வாண்ணே..." என்று அழுதுகொண்டே நிமிர்ந்தாள்.

நிமிர்ந்தவள் அப்படியே நின்றாள்.

"தாயீ," என்றார் ரீடிங்காரர், மாலையைத் தொட்டுப் பார்த்தபடி. "எம்புட்டு வருசமா இந்தத் தெருவுக்கு வாரேன். நாயை அவுத்து விடுவீக. கதவைச் சாத்துவீக. இன்னைக்குத்தேன் ஒரு மனுசனா மதிச்சிருக்கீக."

இப்படிச் சொன்ன மனிதரிடம், தப்பாகப் போட்டுவிட்டோம், மாலையைக் கழற்றிக் கொடுங்கள் என்று யார் கேட்பது? மாலையோடு அழைத்து வந்து முன்வரிசையில் உட்கார வைத்து, காபி கொடுத்தார்கள். அவர் உட்கார்ந்த நாற்காலி ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்து நாற்காலி.

நான் திரும்பிப் பார்த்தேன். செல்வத்தைக் காணோம்.

விஷயம் இதுதான். எங்கள் பக்கத்து மைக் செட்டுகளுக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று கேட்பது பண்பல்ல. போஸ்டில் ஒரு கொக்கி தொங்கும். அதை யாரும் பார்க்க மாட்டோம். ரீடிங்காரர் மாலையும் கழுத்துமாக ஊர்வலமாய் வருவதைப் பார்த்த செல்வம், கொல்லைப் பக்கம் பாய்ந்து மாட்டுக் கொட்டகையில் போய் உட்கார்ந்துவிட்டார். வெடிப் பெட்டிக்குப் பக்கத்தில். செல்போனோடு. மச்சானின் மிஸ்டு கால் வரவேண்டிய அதே செல்போன்.

அதற்குள் பேண்ட் பாட்டு முடிந்து ஆர்கன் ஆரம்பித்தது. நிறுத்த வேண்டும். ஸ்டாப் பட்டன் எங்கே? ஸ்டாப் பட்டன் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஓட்டைதான் இருந்தது. அதில் தீக்குச்சியை விட்டு அழுத்த வேண்டும் என்பது சாத்தூர் சுற்று வட்டாரத்தில் எல்லா மைக் செட்காரர்களுக்கும் தெரியுமாம். எனக்குத் தெரியாது. ஒயரைப் பிடுங்கலாம் என்றால் ஒயர் நேராகப் போஸ்டுக்குப் போகிறது. அதைத் தொட்டால் பக்கத்தில் காபி குடிக்கிறவர் நிமிர்ந்து பார்ப்பார்.

ஆர்கன் அழுதது. டிரம் இல்லாமல். இழுத்து இழுத்து. பஸ் ஸ்டாப்பைப் பார்த்து.

சாத்தூர் பஸ்ஸில் வந்து இறங்கிய பேச்சியம்மா சித்தி அதைக் கேட்டிருக்கிறார். அவருக்குப் போதும். பஸ் ஸ்டாப்பிலேயே முந்தானையை இழுத்துச் செருகி, "அய்யோ என் ராசா..." என்று ஆரம்பித்துவிட்டார். யார் போனது என்று எதற்குக் கேட்க வேண்டும்? அவராகவே நான்தான் என்று முடிவு பண்ணிவிட்டார். அதே பஸ்ஸில் வந்த, எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத இரண்டு பேரும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, துக்க முகத்தோடு கூடவே வந்தார்கள்.

"எழுதுற கையி அம்புட்டும் தங்கமே... ஒரு சொல்லு அதிர்ந்து பேசாத சிங்கமே..."

பந்தலுக்குள் வந்தவர், ஆம்ப்ளிஃபயரை நோண்டிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார். ஒப்பாரி பாதியில் நின்றது.

"ஏலே... நீ இருக்கியா?"

குரலில் சந்தோஷம் இருந்தது. கொஞ்சம் ஏமாற்றமும் இருந்தது. இல்லையென்று சொல்ல மாட்டேன். அந்த ஒப்பாரியில் என்னைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தைகளில் ஒன்றைக்கூட சித்தி இதுவரை என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. முழுசாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று எனக்கு ஓர் ஆசைகூட வந்தது. ஆனால் முத்துலட்சுமி என்னைப் பார்த்த பார்வையில், சித்தியின் ஒப்பாரி கொஞ்ச நேரத்தில் பயன்படும் போலிருந்தது.

"நல்ல காரியம் நடக்குற வீட்டுல என்ன கண்றாவி இது! நிறுத்துங்க!" என்றாள்.

அடுத்த பட்டனை அழுத்தினேன். சிதார், தபலா. சமையற்காரர் எட்டிப் பார்த்து, "ஆங், இது நம்மாளு" என்றார். பொடிசுகள் ஆட ஆரம்பித்தன. அப்பாடா.

அங்கேயே விட்டிருக்கலாம் இல்லையா? மனுஷப் புத்தி விடுமா? மச்சான் வருகிற நேரம். பேண்ட் பாட்டுக்குத் திரும்பிப் போய் அதைத் தயாராக வைத்துக்கொள்வோம் என்று இன்னொரு பட்டனை அழுத்தினேன். அது பின்னால் போகிற பட்டன் இல்லை. முன்னால் போகிற பட்டன்.

முதலில் ஒரு சிரிப்பு. அப்புறம் கண்ணாடி உடைகிற சத்தம்.

அப்புறம்... டமார்!

இரண்டு குழாயிலும். என் வீட்டுச் சின்ன ஸ்பீக்கரில் அது டொப் என்று விழும். இங்கே வேப்பமரத்திலிருந்து இலை உதிர்ந்தது.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு வெடிச் சத்தம் புதிதில்லை. ஆனால் எதிர்பாராத நேரத்தில் ஒரு பெரிய சத்தம் கேட்டால், யாரும் ஒருவரை ஒருவர் பார்க்க மாட்டார்கள். வானத்தைப் பார்ப்பார்கள். எந்தப் பக்கம் புகை வருகிறது என்று. அந்தப் பக்கம் வேலைக்குப் போனவர்கள் யார் யார் என்று மனசுக்குள் கணக்கு ஓடும். அந்த ஒரு நிமிஷம் எங்கள் தெருவே அண்ணாந்து நின்றது. ஆடிக்கொண்டிருந்த பொடிசுகள்கூட நின்றுவிட்டன. எனக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது.

மறுபடியும் டமார். ரீடிங்காரர் மட்டும் காபி டம்ளரோடு, "நல்ல தெளிவா இருக்குங்க" என்றார்.

அப்போதுதான் தெருமுக்கிலிருந்து ஒருவர் ஓடி வந்தார்.

பட்டு வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு. ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் இல்லை. தோளில் துண்டில்லை. மாலை இல்லை, மேளம் இல்லை, ஆரத்தி இல்லை. காளிராஜ் மச்சான்.

"ஏத்தா முத்து! முத்து எங்கன? பிள்ளை எங்கன?"

யாரையும் பார்க்கவில்லை. பந்தல் காலில் தோள் இடித்துக்கொண்டு உள்ளே வந்தார். முத்துலட்சுமியை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அபியைத் தூக்கிக் கை காலெல்லாம் தடவிப் பார்த்தார்.

"வெடிப் பொட்டி... அடுப்புப் பக்கம் வச்சிட்டீகளோன்னு... சத்தம் இங்கன இருந்து வந்துச்சா... நான்ல அனுப்பினேன் அந்தப் பொட்டிய..."

அவ்வளவு பெரிய ஆள், பந்தல் நடுவில் உட்கார்ந்து அழுதுவிட்டார். முத்துலட்சுமியும் உட்கார்ந்து அழுதாள். சித்திக்கு இப்போது முறையான காரணம் கிடைத்துவிட்டது. விட்ட இடத்திலிருந்து அவரும் சேர்ந்துகொண்டார்.

பின்னாலேயே மூச்சிரைக்க வந்த மச்சான் மனைவி என்னிடம் சொன்னார். "மிஸ்டு கால் குடுத்துட்டு நிக்கிறோம் அண்ணே. பேண்டும் இல்ல, ஆரத்தியும் இல்ல. இவுக மொகம் கறுத்துப் போச்சு. தட்டையெல்லாம் அதே பாலத்துச் சுவத்துல எறக்கி வச்சாச்சு. 'வண்டியத் திருப்பு'ன்னுட்டாக. வண்டியில ஒரு கால வச்சிட்டாக அண்ணே. அப்பத்தேன் வெடிச்சுச்சு... செருப்பு வண்டியில, ஆளு தெருவுல!"

வண்டியில் ஒரு கால் வைத்தாயிற்றாம். இன்னொரு காலும் ஏறியிருந்தால்?

அழுகை கொஞ்சம் ஓய்ந்தது. மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தார். எங்கும் ஒரு சேதமும் இல்லை. முன்வரிசையில் ரோஜா மாலையோடு ஒருவர் உட்கார்ந்து அதிரசம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அது யாரு?"

ரீடிங்காரர் உட்கார்ந்தபடியே அதிரசத்தோடு கும்பிட்டார்.

"அப்ப வெடிச்சது எது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஆல்பத்தை நீட்டினேன். வேறென்ன செய்ய? மச்சான் ஏணியில் நின்ற நாலு பேரையும் ரொம்ப நேரம் பார்த்தார். அந்தக் குட்டைத் திரி பற்றப் போகிறது என்று ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"இத்தனை வருசமா ஃபோர்மேனா இருக்கேன். வெடிச் சத்தம் எனக்குத் தெரியாதா? நெசம்னுல்ல ஓடியாந்தேன்... எந்தக் கம்பெனி வெடி மாப்ளே இது?"

"இங்கிலீஷ் பாட்டு மச்சான். இதுல எல்லா விதமும் இருக்கும். தாலாட்டு, பேண்ட், ஒப்பாரி, சிதார், வெடி..."

கொஞ்சம் யோசித்தார். "அப்ப கிஃப்ட் பாக்ஸ்னு சொல்லுங்க. ஒரே பொட்டிக்குள்ள கம்பி மத்தாப்பும் இருக்கும், பாம்பு மாத்திரையும் இருக்கும், அணுகுண்டும் இருக்கும். எது எப்பக் கைக்கு வரும்னு தெரியாது."

உலகத்தின் பெரிய பெரிய பத்திரிகைகளில் அந்த ஆல்பத்துக்கு வந்த விமர்சனங்களையெல்லாம் தேடித் தேடிப் படித்தவன் நான். இவ்வளவு சரியாக யாரும் எழுதவில்லை.

மச்சான் எழுந்து வேட்டியைச் சரி செய்துகொண்டார். அபியை முத்துலட்சுமி கையில் கொடுத்தார். தொண்டையைச் செருமினார்.

"சரி. நான் போறேன்."

முத்துலட்சுமி முகம் விழுந்துவிட்டது. "எங்கண்ணே?"

"தெருமுக்குக்கு. தட்டெல்லாம் பாலத்துல கெடக்குல்ல? மொதல்லருந்து வாரேன். நீ ஆரத்தியக் கரைச்சுட்டு வா. இப்ப வந்தது கணக்குல கெடையாது."

அப்படியே நடந்தது. மச்சான் தெருமுக்குக்குப் போய், இன்னொரு செருப்பையும் கண்டுபிடித்துப் போட்டுக்கொண்டு, துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, இப்போதுதான் வருகிறவர் மாதிரி கம்பீரமாக நின்றார். மிஸ்டு கால் கொடுத்தார். மாட்டுக் கொட்டகைக்குள்ளிருந்து ரிங்டோன் கேட்டது. ரீடிங்காரர் பெரிய மனதோடு கொல்லைப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். "வாங்க தம்பி, வாங்க. மாலை போட்ட கழுத்து, இன்னைக்கு அண்ணாந்து போஸ்ட்டைப் பாக்காது."

செல்வம் வைக்கோலைத் தட்டிக்கொண்டு வந்து, தீக்குச்சியால் ஓட்டையைக் குத்தி இங்கிலீஷ்காரர்களை நிறுத்தினார். தன்னுடைய பேண்ட் வாத்திய சீடியை எடுத்தார். தெருமுக்கிலிருந்து மச்சான் கை காட்டினார்.

"அது வேணாம்யா! அந்த கிஃப்ட் பாக்ஸ்ல இருக்கிற பேண்டைப் போடு!"

நாலு வெள்ளைக்காரர்கள் டிரம்பெட் முழங்க, அச்சங்குளத்து ஃபோர்மேன் ஆரத்தி வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் வந்தார். ஒரே ரோஜா மாலை ரீடிங்காரர் கழுத்தில் இருந்ததால், மச்சானுக்குச் சாமி படத்திலிருந்த கதம்பத்தைக் கழற்றிப் போட்டோம். அவர் கவனிக்கவில்லை. கவனிக்காத மாதிரி இருந்தார் என்றும் சொல்லலாம். அவர் மடியில் உட்கார்ந்து அபி காது குத்திக்கொண்டாள். அழுத சத்தத்துக்கு மைக் செட்டே தேவைப்படவில்லை.

சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் ரீடிங்காரர். செல்வம் குழாய்ச் சத்தத்தைக் குறைத்துவிட்டு, ஆல்பத்தை மறுபடி முதல் பாட்டிலிருந்தே ஓட்டிக்கொண்டிருந்தார். "கடைசிப் பாட்டு முடியட்டும் சார், அப்புறம் மோர் ஊத்திக்கிடுதேன்" என்றார். முதலிலிருந்து கடைசி வரை, நாற்காலியை விட்டு எழாமல், முழு ஆல்பத்தையும் என்னோடு கேட்ட ஒரே மனிதர். போகும்போது அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்து மரியாதையாகக் கேட்டார்.

"இவுக எந்த செக்சன் லைன்மேன் சார்?"

எல்லாரும் கிளம்பிய பிறகு முத்துலட்சுமி பந்தலில் தனியாக உட்கார்ந்திருந்தாள். திட்டுவாள் என்று தயாராகத்தான் போனேன்.

"ஆரத்தி எடுக்கலைன்னு அம்புட்டு வருசம் பேசாம இருந்த மனுசன்," என்றாள். "ஒத்தச் செருப்போட ஓடியாந்துச்சு, பாத்தீகளா?"

பார்த்தேன். வாசலில் எப்படி அழைத்தார்கள், யார் முன்னால் வந்தார்கள், எந்தத் தட்டு முதலில் சுற்றியது... இதிலேயே நம் சொந்தங்களின் பாதி வருஷங்கள் போய்விடுகின்றன. அழைக்காமலே ஓடி வருகிறவர் யார் என்று தெரிய ஒரு வெடி வெடிக்க வேண்டியிருக்கிறது.

நல்லவேளை... எங்கள் வீட்டில் வெடித்தது இங்கிலீஷ் வெடி.